60,000 முடிகளும் ஒரு பூக்காரப் பெண்ணும்

‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 2001இல் வந்த படம். நிஜ மனிதர்கள் மாதிரியே தெரிய வேண்டும் என்று முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த முதல் முழுநீளப் படம் இதுதான் என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் கண்ணுக்கு விருந்துதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் முடிந்த பிறகு நெஞ்சில் ஒன்றுமே நிற்கவில்லை, ஒரு முகம், ஒரு வசனம், ஒரு பிரிவு, எதுவும். வேறு யாராவது எடுத்திருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். எடுத்தவர் ஹிரோனோபு சகாகுச்சி. அதனால்தான் இவ்வளவு ஆற்றாமை.

1987இல் ஃபைனல் ஃபேன்டஸி என்கிற வீடியோ கேம் வரிசையைத் தொடங்கியவர் அவர். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏழாவது பாகத்துக்குத் தயாரிப்பாளர், கதையின் கருவும் அவருடையது. அந்த ஏழாவது பாகம் எங்கள் ஏரியாப் பையன்கள் சிலருக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி நான் பேச முடியாது.

அப்போதெல்லாம் தண்டையார்பேட்டையில் வீட்டில் பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு சந்துக்குள் நாலைந்து டிவி போட்டு, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுகிற கடை ஒன்று இருந்தது. சிடி எல்லாம் பர்மா பஜார் சரக்கு. பையன்கள் சண்டை கேமும் கார் ரேஸுமாகக் கத்திக்கொண்டிருப்பார்கள், கடைக்கார அண்ணன் மட்டும் மூலையில் இருந்த டிவியில் இதை ஆடிக்கொண்டிருப்பார். மூன்று சிடி கொண்ட கேம், மெமரி கார்டு இல்லாமல் ஆடவே முடியாது, திரை முழுக்க இங்கிலீஷ் வசனம். எங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லுவார், நாங்கள் பின்னால் நின்று கேட்போம். கரண்ட் போனால் எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள், நாங்கள் மட்டும் அங்கேயே உட்கார்ந்து அடுத்து என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருப்போம்.

கதை நடக்கிற ஊர் மிட்கார். மேலே பெரிய இரும்புத் தளம், அதன் மேல் வசதியானவர்கள் குடியிருக்கிறார்கள். கீழே வெயிலே படாத குடிசைப் பகுதி. சுற்றிலும் உலைகள், பூமியின் உயிரையே உறிஞ்சி மின்சாரமாக்குகிற உலைகள். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் மூக்கைப் பொத்துகிற பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. கரண்ட் ஊர் முழுக்கப் போகும், சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்கும். ஜப்பானில் உட்கார்ந்து ஒருத்தர் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

அந்த ஊரில் ஏரித் என்று ஒரு பெண். தெருவில் கூடையோடு நின்று பூ விற்கிறாள். ஒரு பூ ஒரு கில், அந்த ஊர்க் காசு. வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் போய்விடலாம், ஆடுகிறவன் இஷ்டம். அப்புறம் அவளைக் குடிசைப் பகுதியில் இருக்கிற பழைய தேவாலயத்தில் பார்ப்போம், தரைப் பலகை உடைந்து அதற்குள்ளிருந்து பூச்செடிகள் முளைத்திருக்கும். அங்கேயும் அவள் வீட்டுத் தோட்டத்திலும் தவிர அந்த ஊரில் வேறெங்கேயும் ஒரு செடி வராது. இத்தனைக்கும் திரையில் அவள் எப்படி இருப்பாள் தெரியுமா? நாலைந்து கட்டையை அடுக்கி வைத்த மாதிரி ஓர் உருவம். விரல் கிடையாது, வாய் அசையாது, கண் இரண்டு வரைந்து ஒட்டியது.

முதல் சிடியின் முடிவில் அவளை ஒருவன் வாளால் குத்திக் கொன்றுவிடுவான். உடனே ஒரு சண்டை வரும், ஆனால் வழக்கமான சண்டை இசை வராது, நொபுவோ உவெமாட்சு அவளுக்காகப் போட்ட மெட்டே சண்டை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் பட்டனை அழுத்திக்கொண்டே அழுதார். பெரிய ஆள், நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம், அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கேமில் நாம் நடத்துகிற கூட்டத்தில் அடிபட்டவர்களைக் குணமாக்குவது அவள் வேலை. அதனால் அடுத்தடுத்த சண்டையில் யாராவது அடிபட்டு விழும்போதெல்லாம் கை தானாக அவள் பெயரைத் தேடும், அங்கே அவள் இருக்க மாட்டாள். அந்த இழப்பு கண்ணுக்கு மட்டும் நடக்கவில்லை, ஆடுகிறவன் விரலுக்கே நடந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

ஹவாயில் ஹொனோலுலுவில் இதற்கென்றே ஸ்கொயர் பிக்சர்ஸ் என்று ஒரு ஸ்டூடியோ கட்டினார்கள். சுமார் 200 பேர், நாலு வருட உழைப்பு, 13.7 கோடி டாலர் செலவு. படத்தில் மொத்தம் 1,41,964 ஃபிரேம், ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய, அதாவது கம்ப்யூட்டர் அதை முழுப் படமாக வரைந்து முடிக்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரம், அதற்கு 960 கம்ப்யூட்டர்கள். கதாநாயகி டாக்டர் ஆக்கி ராஸின் தலையில் 60,000 முடி, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்படி செய்திருக்கிறார்கள். என் சித்தி பையன் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், அவனோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பும்போது முடி தோளில் புரண்டு கொஞ்சம் தாமதித்து வந்து நிற்கும், அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். “ணா, ரெண்டாயிரத்து ஒண்ணுல இத பண்ணிருக்கானுங்கணா” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். டாக்டர் சிட் என்கிற கிழவரின் முகத்தில் வயசானவர்களுக்கு வருகிற பழுப்புப் புள்ளிகள்கூட இருக்கும், சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும். உடம்பின் அசைவை மட்டும் நடிகர்களிடமிருந்து மோஷன் கேப்சரில் எடுத்துக்கொண்டு, முக பாவத்தையெல்லாம் அனிமேட்டர்கள் கையாலேயே செய்தார்கள். அந்த உழைப்பை நான் ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

2065ஆம் வருடம். வேறு கிரகத்திலிருந்து ஒரு விண்கல்லோடு வந்த ஃபேன்டம்கள் பூமியைக் காலி செய்துவிட்டன. கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற உருவங்கள், கை உடம்புக்குள் போய் உயிரைப் பிடித்து வெளியே இழுக்கும், உடம்பு அப்படியே சரியும். மிச்சமிருக்கிற மனிதர்கள் தடுப்பு அரணுக்குள் இருக்கிறார்கள். ஆக்கி எட்டு ஆவிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும், சேர்த்தால் ஃபேன்டம்களை நிறுத்தலாம். ஆறாவது ஆவியைத் தேடி இடிந்து கிடக்கிற நியூயார்க்கில் இறங்குகிறாள். அது ஒரு சின்னச் செடி. ஊரே செத்துக் கிடக்கும்போது இடிபாட்டுக்கு நடுவில் முளைத்த செடி.

அந்தச் செடியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது, தேவாலயத்துப் பூக்கள்தான் ஞாபகம் வந்தன. அதே மனசு, அதே கற்பனை. ஆனால் அந்தச் செடியோடு அவளுக்கு என்ன உறவு என்று படம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. துப்பாக்கியோடு வீரர்கள் வந்து இறங்குகிறார்கள், சுடுகிறார்கள், செடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

படம் வந்தபோது ரசிகர்கள் நிறையப் பேர் சொன்ன குறை, கேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வாள் இல்லை, மந்திரம் இல்லை, தெரிந்த பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பது. நான் அதை ஏற்கவில்லை. இந்தக் கிரகத்துக்கே ஓர் உயிர் இருக்கிறது, சாகிற எல்லா உயிரும் அதில் போய்ச் சேர்கிறது என்பது ஏழாவது பாகத்தின் அடிப்படை, படத்திலும் அப்படியே இருக்கிறது. இல்லாதது மனிதர்கள். ஆக்கி என்ன சாப்பிடுவாள், எதற்குச் சிரிப்பாள், அம்மா அப்பா யார், ஒன்றும் தெரியாது. அவளும் அந்த வீரர்களின் கேப்டன் கிரேயும் முன்னாடி காதலித்தார்களாம், அதையும் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். யார் வாயைத் திறந்தாலும் அடுத்த வேலையைப் பற்றியோ, பூமிக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்கிற கயா கொள்கையைப் பற்றியோ விளக்கம். கிரேயின் படையில் இருக்கிற ரயன், நீல், ஜேன் மூன்று பேரும் தப்பிக்கிற காட்சியில் அடுத்தடுத்துச் சாகிறார்கள். அவர்களோடு நமக்கு ஒரு பழக்கமும் வரவில்லையே, எப்படி அழுவது?

ஜெனரல் ஹைன் என்று ஒரு வில்லன் இருக்கிறான். சான் பிரான்சிஸ்கோவில் ஃபேன்டம் தாக்குதலில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவன். இந்தப் படத்தில் ஒரு நிஜமான துக்கம் இருக்கிறது என்றால் அது இவனுடையதுதான். அதைச் சொல்ல அவனுக்குக் கிடைப்பது ஓரிரண்டு வரி. அந்த மகளின் ஒரு போட்டோவையாவது காட்டியிருக்கலாம். மற்ற நேரமெல்லாம் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு விண்வெளிப் பீரங்கியைச் சுட அனுமதி கேட்கிறான்.

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று. ஆக்கி என்பது சகாகுச்சியின் அம்மா பெயர். விபத்தில் இறந்துபோனவர். உயிர் போனால் எங்கே போகிறது என்ற கேள்வி அவரைவிட்டுப் போகவே இல்லை, கேம்களிலும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். அம்மா பெயரையே கதாநாயகிக்கு வைத்து அதே கேள்வியைப் படமாக எடுத்திருக்கிறார். அவ்வளவு சொந்தமான துக்கம் 60,000 முடிக்கும் தோலுக்கும் அடியில் காணாமல் போயிருக்கிறது. விரலில்லாத கட்டை பொம்மையை வைத்து எங்களை அழவைத்தவருக்கு அழவைக்கத் தெரியாமல் இல்லை. கேமில் ஏரித்தோடு மணிக்கணக்காக நடக்க வேண்டும், சும்மா பேச வேண்டும், அவள் வீட்டுக்குப் போக வேண்டும், அவளுக்கு எந்த ஆயுதம் என்று நாம் பார்த்துப் பார்த்து எடுத்துத் தர வேண்டும். படத்துக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் மணி நேரம், பார்க்கிறவன் கை சும்மா இருக்கிறது. கை செய்த வேலையை இங்கே திரைக்கதை செய்தாக வேண்டும். சிரிப்பு, சண்டை, வெட்டிப் பேச்சு என்று கதைக்கு அவசியமே இல்லாத நேரம் கொஞ்சம் வேண்டும். அதற்குப் படத்தில் இடமே வைக்கவில்லை.

நம்மூரிலும் 2014இல் ‘கோச்சடையான்’ பார்த்தோம். மோஷன் கேப்சர், பெரிய கனவு, முதல் முயற்சி. ரஜினியை நமக்குத் தெரிந்ததே அவர் கண்ணாலும் வேகத்தாலும்தான், அது இரண்டும் அந்த உருவத்தில் வரவில்லை. இருந்தாலும் தியேட்டரில் விசில் அடித்தோம், ஏனென்றால் அந்தக் குரலோடு நமக்கு ஒரு ஜென்மத்துப் பழக்கம். ஆக்கியோடு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

கேமிலிருந்து எடுத்தாலே இப்படித்தான் ஆகும் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021இல் வந்த ‘ஆர்கேன்’ தொடரைப் பாருங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்கிற கேமிலிருந்து பாரிஸில் இருக்கிற ஃபோர்டிஷ் ஸ்டூடியோ செய்தது. அங்கேயும் மேலே பளபளப்பான நகரம், கீழே புகையடித்த ஊர். முதல் காட்சியிலேயே இரண்டு சின்னப் பெண்கள் பாலத்தில் பிணங்களுக்கு நடுவில் அம்மா அப்பாவைத் தேடி நடக்கிறார்கள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தங்கை கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகப் பாடிக்கொண்டு வருவாள். அந்த இடத்திலேயே அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அழகு அவர்களுக்காக வேலை செய்கிறது.

ஸ்பிரிட்ஸ் விதின் உலகம் முழுக்க வசூலித்தது ஏறக்குறைய 8.5 கோடி டாலர். போட்டதே திரும்ப வரவில்லை. ஆக்கியை டிஜிட்டல் நடிகையாக வேறு படங்களிலும் நடிக்கவைக்கலாம் என்று வைத்திருந்த திட்டம் அதோடு போயிற்று, 2002இல் ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள். அந்த முடியை ஒவ்வொன்றாக அசைத்தவர்களுக்காக எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவர்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

சித்தி பையன் நான் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இவர்கள் அன்றைக்கு இதைச் செய்து காட்டாமல் இருந்திருந்தால் அடுத்து வந்தவர்களுக்குத் தைரியமே வந்திருக்காது என்கிறான். அது நியாயம்தான். சரி, ஏழாவது பாகத்தை ஆடிவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றேன். அது இப்போது போனிலேயே கிடைக்கிறது. ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் எல்லாம் ஆடுகிறான். மிட்காரைவிட்டு இன்னும் வெளியே போகவில்லை. பூவை வாங்கியாயிற்று, அவளோடு தேவாலயத்துக்கும் போயாயிற்று, “இந்தப் பொண்ணு செமணா” என்று ராத்திரி மெசேஜ் அனுப்பியிருக்கிறான். முதல் சிடி முடிகிற இடத்தை அவன் தாண்டுகிறவரை இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புவதாக இல்லை. எங்கள் ஏரியாவில் அவனைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.