முதுகில் கதவு வைத்த மிக்

2025 மார்ச் 2
1967 ஜூலை 9 அன்று மாஸ்கோ அருகே தொமதேதவோவில் நடந்த விமானக் கண்காட்சியின் பழைய படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான் தேடியது மிக் 23-01 என்ற சோவியத் சோதனைப் போர் விமானம். மிக்-21 போலவே முக்கோண இறக்கை, ஆனால் உடம்பு பெரிது. போர் விமானத்துக்குப் பொருந்தாத வேகத்தில் மெதுவாகக் கடக்கிறது. விமானி அறைக்குப் பின்னால், முதுகில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

மார்ச் 4
அந்தக் கதவுக்குக் கீழே கோலெசோவ் வடிவமைத்த ஆர்டி-36-35 ரக என்ஜின்கள் இரண்டு செங்குத்தாக நிற்கின்றன. மேலே காற்றை இழுத்துக் கீழே ஊதும். இறக்கையின் சுமை அந்த அளவுக்குக் குறையும். சுமார் 200 மீட்டர் ஓடினாலே விமானம் எழும்பிவிடுமாம். அணுகுண்டுப் போர் வந்தால் நீண்ட ஓடுபாதைகள்தான் முதலில் போகும் என்ற பயம் அப்போது பல நாட்டு விமானப்படைகளுக்கும் இருந்தது. இன்னொரு சோவியத் விமான வடிவமைப்புக் கூடமான சுகோயும் தன் சு-15 போர் விமானத்தில் இப்படி மூன்று என்ஜின்களைச் செருகிப் பார்த்தது.

மார்ச் 5
வேலை அதிகம். படிக்கவில்லை.

மார்ச் 8
சரி, 23-01ஐ ஏன் கைவிட்டார்கள்? விமானத்தை மேலே தூக்கும் அந்த என்ஜின்களுக்கு வேலை ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அவை வெறும் பாரம். ஏணியை ஊர் முழுக்கத் தோளில் சுமந்து திரிகிற கதைதான். எரிபொருளுக்கான இடத்தையும் அவையே பிடித்துக்கொண்டன. தரையில் மோதித் திரும்பும் சூடான புகையை என்ஜினே மறுபடி உறிஞ்சினால் உந்துவிசையும் குறையும்.

மிக் விமானங்களை வடிவமைத்த மிகோயன் கூடத்திலேயே இதற்குப் போட்டி தயாராகிக்கொண்டிருந்தது. 23-01 பறந்தது 1967 ஏப்ரலில், 23-11 ஜூனில். இரண்டாவதில் இறக்கையையே நகர்த்தலாம்: இறங்க விரித்து 16 பாகைச் சாய்வு, வேகத்துக்குப் பின்னால் மடக்கி 72. தொமதேதவோவில் சோதனை விமானி ஃபெதோதவ் அதைக் கூட்டத்துக்கு முன்னால் மடக்கிக் காட்டினார். இறக்கையை மடக்கும் அந்தக் கீலும் எடை குறைந்ததல்ல, ஆனால் பறக்கும் நேரம் முழுக்க உழைக்கிறது. என்னைக் கேட்டாலும் 23-11தான் என்பேன். அதுதான் மிக்-23 ஆனது. நம் விமானப்படையில் தரைத் தாக்குதலுக்கான அதன் பிஎன் ரகம் 2009 வரை இருந்தது.

மார்ச் 9
இன்னொன்று. அதே ஆர்டி-36 குடும்பத்து என்ஜின்கள் அப்புறம் சோவியத் கடற்படையின் யாக்-38 போர் விமானத்தில் இரண்டிரண்டாக உட்கார்ந்து, கீவ் ரக விமானம் தாங்கிக் கப்பல்களின் தளத்திலிருந்து நேராக மேலே கிளம்பின. அங்கே 200 மீட்டர் ஓட வழியே இல்லை; பாரமானாலும் சுமந்தாக வேண்டும். இனி அதற்கு முந்தைய சோதனை விமானமான யாக்-36 பக்கம் போக வேண்டும்.