எல்லாமே நீலமாக இருந்த ஸ்லைடுகள்

முதுகலை ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது தாடையிலும் ஈறிலும் கன்னத்திலும் வரும் நார்க்கட்டிகள். புற்று அல்ல, சாதுவானவை. அவற்றில் எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இதற்கு கி-67 என்ற புரதத்தைத் தேடுவது வழக்கம். பிரியும் சுழற்சியில் இருக்கும் செல்லின் அணுக்கருவில் அது இருக்கும், ஓய்ந்துகிடக்கும் செல்லில் இருக்காது. சாயமேற்றினால் முன்னது பழுப்பு, பின்னது நீலம். எண்ணினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முதலில் செய்த, உள்ளே எலும்பு உருவாகும் தாடைக் கட்டியான எலும்பாகும் நார்க்கட்டி ஸ்லைடுகள் அத்தனையும் நீலம். சாதுவான கட்டிதானே, அப்படித்தான் இருக்கும் என்று வரிசையாகச் சுழியம் போட்டேன். ஒப்பீட்டுக்கு வைத்த, செல்கள் நிறையப் பெருகும் டான்சில் பளிச்சென்று பழுப்பாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

நோட்டைப் பார்த்த கைடு மேடம் ஒன்றுதான் கேட்டார்: "டான்சிலை ஆசிட்ல போட்டியாம்மா?"

போடவில்லை. எலும்புள்ள திசுவைச் சீவ வேண்டுமென்றால் முதலில் கால்சியத்தைக் கரைக்க வேண்டும். அவசரத்துக்கு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்திருந்தேன். கால்சியத்தோடு சேர்த்து, கி-67-ஐத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடத்தையும் அது கெடுத்துவிடும். ஒரு டான்சில் துண்டை அதே அமிலத்தில் அதே நேரம் ஊறவைத்துச் சாயமேற்றிப் பார்த்தேன். அதுவும் நீலம்!

அப்புறம் என்ன, ஃபார்மலினில் மிச்சமிருந்த துண்டுகளை கால்சியத்தை மெல்ல எடுக்கும் இடிடிஏ கரைசலில் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அது மென்மையானது, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். மிச்சத் திசு இல்லாத கேஸ்களை விட்டுவிட வேண்டியதாயிற்று. அது இன்னும் உறுத்துகிறது.

எண்ணுவது தனி ரோதனை. கேஸுக்கு ஆயிரம் செல். ஈறுக் கட்டியில் பழுப்பு தாராளமாகத் தெரியும், சந்தோஷமாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் மேலே மூடியிருக்கும் எபிதீலியத்தின் அடிப்பகுதிச் செல்கள், இல்லையென்றால் அழற்சியால் வந்துசேர்ந்த லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள். நமக்கு வேண்டியது நீண்ட கதிர்போன்ற அணுக்கரு கொண்ட நார்ச்செல் மட்டும். இரத்தக்குழாய்ச் சுவரின் செல்லும் நீளமாகவே இருந்து ஏமாற்றும். கடித்துக் கடித்துக் கன்னத்தில் வரும் கட்டியிலோ செல் குறைவு, எங்கும் கொலாஜன் நார்தான். ஆயிரம் செல் சேர்ப்பதற்குள் கண் பூத்துவிடும்.

புதிய எலும்பாகும் நார்க்கட்டி ஸ்லைடுகளில் பழுப்பு விரல்விட்டு எண்ணுமளவே இருந்தது. ஆனால் இருந்தது. பழைய பக்கத்துச் சுழியங்களை அடித்துவிட்டு, ஓரத்தில் 'அமிலம்' என்று எழுதிவைத்தேன்.