எண்ணெய் போட்டும் ஏன் கறள்? ஐந்து இரும்புத் துண்டுகள்

கனடாவில் இருக்கிற மச்சானிடம் .45-70 றைபிள் ஒன்று உண்டு. 1873இல் கருமருந்துக்கென்றே வந்த தோட்டா. பெயரிலுள்ள 70, எழுபது கிரேன் (மருந்து நிறுக்கும் சிறு நிறை அளவு) கருமருந்தைக் குறிக்கும். இப்போது கருமருந்துக்குப் பதிலாகப் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்து போட்டுச் சுடுகிறார். "எண்ணெய் பூசித்தான் வைச்சனான், பத்து நாளில குழலுக்குள்ள கறள்" என்று போனில் கவலைப்பட்டார்.

பைரோடெக்ஸில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட், இரும்பைக் கறளாக்கும் ஓர் உப்பு. நாங்கள் வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. பசளையும் அதுதான். ஆகவே துவக்கும் மருந்தும் இல்லாமலே இங்கே திருகோணமலை உப்புவெளியில் சோதிக்கலாம் என்று பட்டது.

லேத் கடையில் ஐந்து இரும்புத் துண்டு வாங்கி, தொங்கவிட ஆளுக்கொரு துளை போட்டு, பளபளக்கும்வரை தேய்த்தேன். பசளையைக் கரைத்ததும் தண்ணீர் செங்கலங்கலானது. அடியில் தங்கியதை விட்டு, தெளிவை மட்டும் வடித்து எல்லாவற்றிலும் பூசிக் காயவிட்டேன். முதலாவதை அப்படியே விட்டேன். இரண்டாவதற்கு மேலால் எண்ணெய். மூன்றாவதை மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய். நான்காவதைப் பச்சைத்தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எண்ணெய். ஐந்தாவதைக் கொதிக்கும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்தபின் எண்ணெய். கடல் பார்த்த ஜன்னலில் கட்டினேன்.

மூன்றாம் நாள் முதலாவது முழுக்கச் செம்மஞ்சள். இரண்டாவதுதான் என்னை உலுக்கியது: எண்ணெய் மினுக்கம் அப்படியே இருக்க, அதற்கடியில் ஊசிமுனை அளவில் கறள் புள்ளிகள். மூன்றாவதிலும் ஓரங்களில் அதே. எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் உப்புக் கரையாதே! நான்காவதில் முகம் சுத்தம், துளைக்குள் ஒரு கறள் வளையம். ஈரம் அங்கே தங்கிவிட்டது. ஐந்தாவதில் ஒன்றுமில்லை. சூடேறிய இரும்பு தானே உலர்ந்துவிடுகிறது. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும், பொட்டாசியம் குளோரேட் கலந்த பழைய பிறைமர்களும் இதே உப்பைத்தான் விட்டன. அதனால் அந்நாளைய பிரித்தானியச் சிப்பாய்கள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள்.

மச்சானுக்குப் படங்களை அனுப்பினேன். சுட்ட பித்தளைக் கோதுகளையும் அன்றே சவர்க்காரத் தண்ணீரில் போடச் சொன்னேன். மருந்து நிரப்புவதில் அவர் கவனமானவர்: நிறையால் அல்ல, கொள்ளளவால் அளப்பார், மருந்துக்கும் ரவைக்கும் இடையில் வெற்றிடம் விடமாட்டார், புகையில்லா மருந்தை ஒருபோதும் கலக்கமாட்டார். கழுவுகிற விஷயத்தில்தான் எண்ணெயை நம்பிவிட்டார்.

ஒன்பதாம் நாளும் ஐந்தாவது துண்டு பளபளக்கிறது. கார்த்திகை மழை முடியும்வரை ஜன்னலிலேயே தொங்கட்டும்.