திட்டம் அடுப்படியிலிருந்து தொடங்கட்டும்

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் குப்பையைப் பற்றிப் பேச எங்கள் அடுக்ககத்தின் சார்பில் என்னைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். பேச நினைப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். சென்னை வேளச்சேரிக்காரர்கள் யாராவது படித்தால், நீங்களும் வாருங்கள்.

எங்கள் பகுதிக் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 200 ஏக்கருக்கு மேல் கொட்டிக் குவித்தோம். 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு எனப் பிரித்தெடுக்கும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டது. அவசியமான வேலை. ஆனால் பல ஆண்டுக் கலவையை இவ்வளவு செலவழித்துப் பிரிக்கும்போதே, இன்று காலை நாம் புதிதாகக் கலந்துகொண்டிருக்கிறோமே!

வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவுதான். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சோறு. இது மற்றவற்றோடு சேராமல் இருந்துவிட்டால் மீதி வேலையெல்லாம் எளிது. சேர்ந்துவிட்டால், காகிதம் ஊறிப்போகும், பால் கவர் நாறும், காயலான் கடைக்காரர் தொடக்கூட மாட்டார்.

எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் உரத்தொட்டிகள் வைத்திருக்கிறோம். ஈரக் கழிவை ஓர் அடுக்கு போட்டால் அதன்மேல் காய்ந்த இலையைத் தாராளமாகப் போட வேண்டும். புளித்த மோர் தெளிப்போம். வாடை வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, காற்றுப் போகவில்லை என்று பொருள். கிளறி, இன்னும் கொஞ்சம் சருகு சேர்த்தால் போதும். நடுவில் சூடு ஏறி 55, 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில்தான் கிருமிகளும் களை விதைகளும் சாகின்றன. காற்றில்லாமல் கிடங்கில் புதைந்து மீத்தேனாக மாறுகிற அதே பொருள்தான் இங்கே இரண்டு மாதத்தில் மண் வாசனையோடு உதிர்ந்து வருகிறது. தெருவில் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்த புங்கைச் சருகை இப்போது நாங்கள் மூட்டை கட்டி வாங்கிக்கொள்கிறோம்.

தொட்டி வைக்க இடமில்லாத வீடுகளுக்காகத்தான் ஈரக் கழிவை உரமாக்கும் மாநகராட்சியின் நுண் உர மையங்கள் இருக்கின்றன. அங்கே கலந்த குப்பை வந்து இறங்கினால், உடைந்த கண்ணாடியையும் சவர பிளேடையும் டயப்பரையும் கையால் பொறுக்குபவர் ஒரு தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் ஒரு பெண். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கும் கடமையைக் குப்பை போடுபவரிடம்தான் வைத்தன. அந்தக் கடமையைத் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

கொடுங்கையூரில் எரிஉலை அமைக்கும் திட்டத்தை 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம். தண்ணீர் வடியும் நம் ஊர்க் குப்பை தானாக எரியாது. உலைக்குத் தீனி வேண்டுமென்றால் காகிதமும் பிளாஸ்டிக்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். குப்பை குறையக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் இயந்திரம் அது. தென்சென்னைக்காரர்களின் கழிவுக்காக அவர்கள் ஏன் புகை குடிக்க வேண்டும்?

மக்காத குப்பையில் பெரும் தொல்லை சிப்ஸ் பாக்கெட். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய தாள் என்பதால் பழைய சாமான் கடையில் விலையே கிடையாது. கழுவிக் காயவைத்த பால் கவருக்கு விலை உண்டு. விலை இருந்தால் பொருள் திரும்பி வருகிறது என்பதை நீலகிரி காட்டியது: உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைப் பார்த்து உயர் நீதிமன்றம் தலையிட, 2022இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். மற்ற பொட்டலங்களுக்கும் இதைக் கொண்டுவரலாம். அது அரசு செய்ய வேண்டியது.

வார்டு அளவில் நான் கேட்கப்போவது சிறியது. பூங்காவின் ஒரு மூலையில் சருகு சேமிக்கக் கூரை போட்ட இடம் வேண்டும். நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றித் தனியாகக் கொடுத்தால் தனியாகவே வாங்கிக்கொள்ள, வண்டியில் மூன்றாவது தொட்டி வேண்டும். கலந்து கொடுக்கும் வீட்டின் குப்பையை வாங்காமல் திருப்ப, வண்டி தள்ளுபவருக்கு அதிகாரமும் அதற்குத் துணைநிற்கும் மேற்பார்வையாளரும் வேண்டும். கோடையில் மலைபோல் குவியும் இளநீர் மட்டைக்குத் தனி வண்டி வேண்டும். முக்கிய சாலையில் கடை போட்டிருக்கும் இளநீர் வியாபாரிகளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.