சிவப்புப் பனையின் சொந்த ஊர்

கோலாலம்பூரில் ஹோட்டல் வாசல்களிலும் பூங்காக்களிலும் ஒரு சிவப்புப் பனையைப் பார்க்கலாம். பாக்குமரம்போல ஒல்லியான தண்டு, உச்சியில் குங்குமத்தில் தோய்த்தெடுத்த மாதிரி மட்டை. மலாயில் பினாங் ராஜா. தொட்டியிலும் புல்தரையிலும் பார்த்துப் பழகிய மரத்தை, அது பிறந்த சதுப்பில் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போன மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு வடக்கு சிலாங்கூரின் ராஜா மூசா காப்புக்காட்டுக்குப் போனேன்.

காட்டோரம் ஒரு வாய்க்கால். இந்தக் கரையில் செம்பனைத் தோட்டம் (எண்ணெய்ப் பனையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), அந்தக் கரையில் காடு. இரண்டு பக்கமும் பனைக் குடும்பம்தான். ஆனால் செம்பனைக்குத் தண்ணீரை வடிக்க வேண்டும். காட்டுப் பனைக்குத் தண்ணீர் நிற்க வேண்டும்.

உள்ளே மண் என்று எதுவும் காலில் படவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கட்டையும் தண்ணீருக்கடியில் முழுக்க மக்காமல் மெத்தையாகக் கிடக்கின்றன. இதைத்தான் கம்புட் என்கிறார்கள். தண்ணீர் கடுஞ்சாயா நிறம், அமிலத்தன்மை அதிகம். இதற்குள் வாழும் பெட்டா லிவிடா என்ற சிறு சண்டைமீன் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

பினாங் ராஜா புதர்போலக் கூட்டமாக நின்றது. பச்சை இருட்டுக்குள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அடியில் மூச்சுவேர்கள் நீருக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தன.

ஆனால் என்னை அதிக நேரம் நிறுத்தியது கெலுபி என்ற இன்னொரு பனை. தண்டு வெளியே தெரியாது. ஆளுயரத்தைத் தாண்டிய ஓலைகள் நேரே தரையிலிருந்து கிளம்புகின்றன. மட்டை நெடுக வரிசை வரிசையாக முள். அடியில் கையை விட்டு வழிகாட்டிப் பெரியவர் ஒரு காய் எடுத்துத் தந்தார். பாம்புத்தோல்போலச் செதில், செம்பழுப்பு நிறம். உரித்துக் கடித்தேன், புளி தோற்றது. மீன்குழம்புக்குப் புளிக்குப் பதில் இதைப் போடுவார்களாம், ஊறுகாயும் உண்டு. நம் கூந்தல்பனைபோலவே, ஒருமுறை பூத்துக் காய்த்ததும் அந்தத் தண்டு செத்துவிடும். பக்கக் கன்றுகள் தொடரும்.

பக்கத்தில் விசிறி ஓலைப் பலாஸ் பனை. பெருநாளில் கெத்துப்பாட் என்ற அரிசிப் பொட்டலம் மடிக்கிற அதே ஓலை. தரையோடு தரையாகக் குடுவைச் செடிகள். வாய் திறந்த அந்தச் சின்னப் பானைகள் பூச்சியோடு உதிர்ந்த இலையையும் பிடித்துச் செரிக்கின்றன.

திரும்பும்போது பழைய வாய்க்கால் ஒன்றைக் காட்டினார். 1990-இல் காப்புக்காடாக அறிவிக்கும் முன், வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு வெளியே கொண்டுபோகத் தோண்டியது. தண்ணீர் இதன் வழியே வடிந்தால் கம்புட் காய்ந்து அமுங்குகிறது, தீப்பிடித்தால் தரைக்கடியில் வாரக்கணக்கில் புகைகிறது. கீழே தஞ்சோங் காராங் வயல்களுக்கும் இந்தக் காட்டுத் தண்ணீர் வேண்டும். அதனால் குறுக்கே தடுப்பு போட்டு அடைத்திருக்கிறார்கள். தீயில் போன இடங்களில் ஊர்மக்கள் சேர்ந்து மஹாங் மரக்கன்றுகள் நடுகிறார்கள்.

பெரியவர் தடுப்புக்கு அருகே குச்சியை இறக்கி, எடுத்துப் பார்த்தார்.

"போன வாரத்தைவிட நாலு விரல் கூட," என்றார்.