மேல் ஓவன் சூடாகிறது, கீழ் ஓவனைப் போட்டால் வீடே இருட்டு

மகளுக்குப் பிரசவம் என்று கோலாலம்பூர் போனவள், நாலு மாதம் கழித்துத்தான் பினாங்கு குளுகோரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். வந்த வாரமே தீபாவளி ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. சுஜி பிஸ்கட், அன்னாசி தார்ட், கேக் லாப்பிஸ் எல்லாம் வழக்கம்போல. சுவரில் பதித்த இரட்டை ஓவனை நம்பித்தான் நான் இவ்வளவு ஆர்டர் எடுக்கிறேன். மேலே சின்ன அறை, அதில் லாப்பிஸ் ஒவ்வொரு அடுக்காக மேல் சூட்டில் வேகும். கீழே பெரிய அறை, அதில் ஃபேன் போட்டு ஒரே நேரத்தில் மூன்று தட்டு பிஸ்கட் வைப்பேன். முதல் நாள் கீழ் ஓவனை 160-ல் திருப்பி வைத்துவிட்டு மாவு பிசையப் போனேன், ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, டப் என்று ஒரு சத்தம், விளக்கு, ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் அணைந்தது. மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணைந்துவிடும் இ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. மேல் ஓவனை மட்டும் போட்டால் ஒன்றும் இல்லை, நன்றாகச் சூடாகிறது.

பழுது பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். வந்தார், கீழ் ஓவனைப் போட்டுப் பார்த்தார், வீடு இருட்டானது. உடனே சூடேற்றும் எலிமெண்டும் கன்ட்ரோல் போர்டும் மாற்ற வேண்டும், 1,400 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், சாமான் வர மூன்று வாரம் என்றார். பையிலிருந்து மீட்டரை வெளியில் எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதற்காகத்தான். மூன்று வாரத்தில் தீபாவளியே வந்துவிடும், அது வேறு விஷயம். அளந்து பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நம் ஊர் ஈரக் காற்றில் ரொம்ப நாள் சும்மா கிடந்த ஓவன் இ.எல்.சி.பி.யைத் தட்டிவிட்டால், உடனே அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஈரம் குடித்திருக்கும், அவ்வளவுதான்.

எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க ஸ்குரு டிரைவர்கூட வேண்டாம், ஓவனின் குமிழே போதும். கீழ் ஓவனில் விளக்கு மட்டும் எரியும் நிலையில் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சூடு இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றும் நிலை, அதாவது ஐஸ் கரைக்கிற நிலை, அதிலும் ஒன்றும் இல்லை. ஃபேன் இல்லாமல் மேல் கீழ் சூடு, பத்து நிமிடம் தாங்கியது. ஃபேனோடு சூடு என்று திருப்பியதும் டப். ஆக விளக்கு, மோட்டார், மேல் எலிமெண்ட், அடி எலிமெண்ட் எல்லாம் சரி. ஃபேனைச் சுற்றி வளையமாக இருக்கும் எலிமெண்ட் ஒன்றில்தான் கோளாறு. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். யார் வந்து பார்த்தாலும் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் மாமாவைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்ற வயர்மேன், எங்கள் வீட்டு வயரிங்கையே அவர்தான் புதுப்பித்துக் கொடுத்தார். தாளைப் பார்த்தார், தலையாட்டினார், வீட்டு மின்சாரம் பிரிகிற டிபி பாக்ஸில் ஓவனுக்கான 32 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சை இறக்கினார், சுவரில் ஓவனுக்கென்று இருக்கும் குக்கர் சுவிட்சையும் அணைத்தார், அதற்கு மேலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். இந்த வரிசையை அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை.

வளைய எலிமெண்டை எடுக்க ஓவனைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கம்பித் தட்டுகளை எடுத்து, பின்பக்க மறைப்புத் தகட்டின் நாலு ஸ்குருவைக் கழற்றினால் ஃபேன் தெரிகிறது, அதைச் சுற்றி எலிமெண்ட் இரண்டு ஸ்குருவில் நிற்கிறது. அதை மெதுவாக முன்னால் இழுத்தால் இரண்டு வயரும் கூடவே வரும். இங்கேதான் கவனம் வேண்டும். வயரைக் கழற்றியதும் கையை விட்டால் அது துளை வழியாகப் பின்பக்கம் நழுவிப் போய்விடும், பிறகு முழு ஓவனையும் வெளியே எடுக்க வேண்டும். இரட்டை ஓவன் நல்ல கனம், இரண்டு ஆள் இல்லாமல் தொடக் கூடாது. மாமா என்னிடம் துணிக் கிளிப் இரண்டு கேட்டார், கழற்றியதும் வயருக்கு ஒன்றாக மாட்டினார். வயர் அசையவில்லை.

முதலில் மல்டிமீட்டரை எலிமெண்டின் இரண்டு முனையிலும் வைத்தார். 29 ஓம். 2,000 வாட் எலிமெண்டுக்கு 240 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 28.8 வருகிறது, ஆக உள்ளே சுருள் அறுந்து போகவில்லை. பிறகு மெக்கர். அது 500 வோல்ட் கொடுத்து, முனைக்கும் வெளி உலோகக் குழாய்க்கும் நடுவே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர். 0.01 மெகா ஓம் என்று காட்டியது. நல்ல எலிமெண்டாக இருந்தால் நூறு, இருநூறு மெகா ஓம் காட்டும். 0.01 மெகா என்றால் பத்தாயிரம் ஓம், 240 வோல்ட்டில் 24 மில்லி ஆம்பியர் எர்த்துக்கு ஓடுகிறது. எங்கள் வீட்டு இ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர், அது பாதியிலேயே விழத் தொடங்கலாம், முப்பதுக்குள் கட்டாயம் விழ வேண்டும். ஆக இ.எல்.சி.பி. தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

“பொருள் கெட்டுப்போகலம்மா, தண்ணி குடிச்சிருக்கு. காய வச்சாச் சரியாயிடும்,” என்றார் மாமா.

எலிமெண்டுக்குள் நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது, அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள், அதற்கு மேல் உலோகக் குழாய். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. குழாயின் முனைகளை அடைப்பு வைத்து மூடியிருந்தாலும் வருஷக் கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த அடைப்பில் கீறல் விழும். எங்கள் எலிமெண்டில் ஒரு முனையில் அடைப்பு பழுப்பேறி, நகத்தால் தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. தினமும் சூடானால் உள்ளே போன ஈரம் அன்றன்றைக்கே ஆவியாகிவிடும். நாலு மாதம், அதுவும் பினாங்கில் மழை அதிகமான செப்டம்பர், அக்டோபரையும் சேர்த்து, ஜன்னல் சாத்திய வீட்டில் கிடந்தால் வேறு என்ன ஆகும்.

காய வைக்க வேறு எங்கும் போகவில்லை, மேல் ஓவன்தான் இருக்கிறதே. ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருகிறது, அதனால் கீழே கழற்றிய வயர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு மேலே சுவிட்ச் போடக் கூடாது. மாமா ஒவ்வொரு நுனியையும் தனித்தனிப் பீங்கான் கனெக்டரில் அடைத்து, பின் தகட்டைத் திரும்ப மாட்டி, கீழ் ஓவனின் குமிழை பூஜ்ஜியத்தில் வைத்து அதன் மேல் டேப் ஒட்டினார். பிறகு எலிமெண்டை மேல் ஓவனின் கம்பித் தட்டில் வைத்து 120-ல் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் சூடு ஏற்றினால் முனையில் இருக்கும் அடைப்பு இன்னும் கெட்டுப்போகும் என்றார். ஆறிய பிறகு அளந்தால் 60 மெகா ஓம். முனை அடைப்பில் சூடு தாங்கும் சிலிக்கான் பசை ஒரு பொட்டு வைத்து, அது காய்ந்ததும் மாட்டினோம். குறைந்தது ஒரு மெகா ஓமாவது வரவில்லை என்றால், அல்லது குழாயில் வெடிப்போ வீக்கமோ தெரிந்தால், எலிமெண்டை மாற்றத்தான் வேண்டும், காய வைத்துப் பயனில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓவனைச் சூடாக்கினால் இ.எல்.சி.பி. விழாது, தானே காய்ந்துவிடும் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். அப்போது ஓவனின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும், ஈரக் கையோடு கதவைத் திறப்பது நீங்கள்தான். இ.எல்.சி.பி. வழியாகப் போகாமல் மின்சாரத்தை நேராகக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து.

எலிமெண்டை மாட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒரு வயரின் டெர்மினல் கறுத்து, பிளாஸ்டிக் உறை வெந்து போயிருந்தது. கடல் காற்றுக்கு டெர்மினல் துருப்பிடிக்கும், துருப்பிடித்த இடத்தில் தொடுப்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். அதை வெட்டிவிட்டு, சூடு தாங்கும் டெர்மினல் புதிதாக வைத்துக் கருவியால் நசுக்கினார். ஈயப் பற்று வைக்கக் கூடாது, ஓவன் பின்புறச் சூட்டில் ஈயம் இளகும்.

வயரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓவனின் தகட்டில் 5.4 கிலோவாட் என்று இருக்கிறது, இரண்டு அறையும் முழுச் சூட்டில் ஓடினால் 22.5 ஆம்பியர். வீட்டுப் பிளக் பாயிண்ட் 13 ஆம்பியர்தான், மூவாயிரத்துச் சொச்சம் வாட்டுக்கு மேல் தாங்காது. அதனால் இதற்கென்று டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் வேண்டும், எங்கள் வீட்டில் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், 32 ஆம்பியர் எம்.சி.பி., 45 ஆம்பியர் குக்கர் சுவிட்ச். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். தெரிந்த பையன் மலிவாகச் செய்கிறான் என்று 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டிக்கொண்ட ஒரு வீட்டில், பிளக் உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டதை நானே பார்த்தேன்.

சரி, ஓவன் ஓடியது. ஆனால் முதல் தட்டு பிஸ்கட் பதினைந்து நிமிடத்தில் சிவந்துவிட்டது, சுஜி பிஸ்கட் வெளுப்பாக இருக்க வேண்டும். ஓவன் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்தேன். ஒரே ஒரு முறை பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் ஓவன் சூடேறி நிற்கும், ஆறும், மறுபடி ஏறும், பத்துப் பதினைந்து டிகிரி இப்படியும் அப்படியும் போகும். அரை மணி நேரம் விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாலு தடவை எழுதி, சராசரி பார்த்தேன். 160 வைத்தால் 185. இது கொஞ்ச நஞ்ச வித்தியாசமில்லை. காரணம் எளிது: சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செம்புக் குழாய் நுனி, சூட்டை உணர்கிற அந்த விரல் நீளக் கம்பி, நாங்கள் தகட்டைக் கழற்றி மாட்டியதில் கிளிப்பிலிருந்து நழுவி மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஓவனின் நடுச்சூடு அதற்குத் தெரியவில்லை, இன்னும் ஏறவில்லை என்று நினைத்து ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆற விட்டு, குழாய் மடங்காமல் கிளிப்பில் வைத்தேன், 163-க்கு வந்தது. குழாய் மடங்கி ஒடிந்தால் உள்ளே இருக்கும் திரவம் போய்விடும், முழுத் தெர்மோஸ்டாட்டையும் மாற்ற வேண்டும்.

பழக்கத்தில் சில. சமைத்து முடித்த பிறகும் ஓவனின் உள் ஃபேன் ஒன்று பத்து இருபது நிமிடம் ஓடும், கன்ட்ரோல் பகுதியையும் சுற்றியுள்ள அலமாரியையும் ஆற வைப்பது அதுதான். சத்தம் பிடிக்கவில்லை என்று சுவரில் சுவிட்சை அணைக்காதீர்கள், சூடு முழுக்க மேலே போர்டில் போய் நிற்கும். மின்சாரம் போய் வந்த பிறகு கடிகாரம் 0.00 என்று மின்னிக்கொண்டிருந்தால், நேரம் வைக்கும் வரை பல ஓவன்கள் சூடாகவே ஆகாது. ஆள் கூப்பிடும் முன் நேரத்தை வையுங்கள். அடித்தகட்டில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள், அடி எலிமெண்ட் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, சூடு போக வழியில்லாமல் தகட்டின் எனாமல் பூச்சு வெடிக்கும், தாள் உருகி ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. கறைக்கு சோடா மாவைத் தண்ணீரில் குழைத்து இரவு பூசி வைத்துக் காலையில் துடைக்கிறேன், எலிமெண்டிலும் கதவு ரப்பரிலும் படாமல். கிட்டத்தட்ட 500 டிகிரி வரை போய்த் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் உங்களிடம் இருந்தால், அதைப் பண்டிகைக்கு முந்தின வாரம் போடாதீர்கள். அந்தச் சூட்டில்தான் பலவீனமான பாகமெல்லாம் போகும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு ஓவனையும் 100-ல் அரை மணி நேரம் போடுகிறேன், மேலே பத்து நிமிடம் மேல் எலிமெண்ட், கீழே ஃபேனோடு. மறுபடி கோலாலம்பூர் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவேன், குமிழ்களுக்குப் பக்கத்தில் எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று ஒட்டி வைத்திருக்கிறேன். கீழ்க் கதவின் ரப்பர் இடது மூலையில் கொஞ்சம் தட்டையாகிவிட்டது, தாளைச் செருகிக் கதவை மூடி இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் பிடிப்பில்லாமல் வருகிறது. புது ரப்பருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை இடது பக்கத்துத் தட்டைப் பாதி நேரத்தில் திருப்பி வைக்கிறேன்.