பதினோரு ஆண்டுகள் விற்ற தீவு

9 பிப்ரவரி 2025, ஞாயிறு. மதுரை

அந்தமானுக்கு ஐந்து இரவு, ஆறு பகல் என்று ஒரு பேக்கேஜைப் பதினோரு ஆண்டுகளாக விற்றுவருகிறேன். ஆனால் அந்தத் தீவில் இதுவரை என் கால் பட்டதில்லை. எங்கள் தொழிலில் இது ஒன்றும் அதிசயமில்லை. போர்ட் பிளேயரில் அறை, வண்டி, படகு எல்லாம் ஏற்பாடு செய்யும் லேண்ட் ஆபரேட்டர் அனுப்பும் திட்டத்தின் மேல் நம் பெயரை அச்சிட்டு, விமான டிக்கெட்டைச் சேர்த்து, நம் லாபத்தையும் வைத்துக் கொடுத்துவிடுவோம்.

கடந்த டிசம்பரில் என் மூலம் போய்வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், முழுத்தாளில் மூன்று குறைகளை எழுதி அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் என்று போட்டிருந்தீர்கள், நாங்கள் போனபோது இருட்டிவிட்டது. நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலம் என்று போட்டிருந்தீர்கள், அங்கே கடல்தான் இருந்தது. பாராடாங் தீவுக்குச் செல்லும் நாளன்று நள்ளிரவு இரண்டரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள், என் மனைவிக்கு மூட்டு வலி உண்டு என்பதை முன்பே சொல்லியிருந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத அந்தக் கடிதத்துக்கு, "இயற்கை நம் கையில் இல்லை ஐயா" என்று வாய்மொழியாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் அன்றிலிருந்தே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இப்போது அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் விற்ற அதே திட்டப்படி, அதே நேரங்களில், வாடிக்கையாளரைப்போலவே போய்வரக் கிளம்புகிறேன்.

10 பிப்ரவரி, திங்கள். போர்ட் பிளேயர்

சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு. கப்பலில் வந்திருந்தால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகியிருக்கும். 2024 செப்டம்பரில் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் விமான நிலைய வாசலில் நின்ற ஓட்டுநர்கள் எல்லோரும் பழைய பெயரையே கூவினார்கள். என்னை ஏற்றிக்கொண்டவர் தமிழர். அவருடைய தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவராம். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் எப்படி நடக்கும் என்பதை விடுதி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

என் திட்டத்தில் "கடல் நோக்கிய அறை" என்று இருக்கிறது. இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே கைக்குட்டை அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. படிகளை எண்ணினேன், ஐம்பத்து நான்கு. மூட்டு வலிக்காரருக்கு இந்த அறையை ஒதுக்கியது நான்தான்.

பிற்பகல் செல்லுலார் சிறை. 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்த இந்தச் சிறை, நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கைகள் விரிந்ததுபோல் இருந்திருக்கிறது. இப்போது மூன்று மட்டுமே எஞ்சியிருக்கின்றன. ஒரு கையிலுள்ள அறைகளின் வாசல் அடுத்த கையின் முதுகுப்புறத்தைப் பார்க்கும்படி அமைத்திருப்பதால், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஒரு அறைக்குள் நின்று பார்த்தேன். தலைக்கு வெகு மேலே சிறு சாளரம், அதன் வழியே வானம் மட்டும். "மாலை: சிறைச்சாலை, ஒலி ஒளிக் காட்சி" என்று ஒரே வரியில் இத்தனை நாள் எழுதிவந்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது மணி ஐந்தரைதான், சூரியன் மறைந்துகொண்டிருந்தது. கைபேசியில் மதுரைக்குப் பேசினேன். அங்கே வெயில் இன்னும் மாடியில் இருப்பதாக வீட்டில் சொன்னார்கள். கணக்கு எளிது. மதுரை 78 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது, இந்த ஊர் ஏறக்குறைய 92¾-ல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், ஒரு மணிக்கு ஓரிரு நிமிடம் குறைவு. கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்று. சூரியன் மட்டும் இங்கே ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம்தான். தலைமையாசிரியர் இதைச் சொல்லியே என்னைக் கேட்டிருக்கலாம், பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய். பாராடாங்

இரண்டரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாகக் கான்வாய் கட்டி, குறித்த வேளைகளில் மட்டும் காட்டுக்குள் விடுகிறார்கள். ஆறு மணிக் கான்வாயைப் பிடித்தால்தான் அன்றே திரும்ப முடியும் என்பதால், எல்லோரும் இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்கிறார்கள். தேநீர், வடை கிடைக்கின்றன. கழிப்பறைக்கு முன்னே நின்ற வரிசையில் என் அம்மா வயதுப் பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள்.

இந்த நெடுஞ்சாலை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் ஓடுகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது, முந்தக் கூடாது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012-ல் வெளியாகி உலகமே காறித் துப்பியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளைச் சில வாரங்கள் தடுத்தும் வைத்தது. அதற்குப் பிறகும் என் துண்டறிக்கையில் இந்த நாளுக்கு நேரே "அரிய பழங்குடியினர் வாழும் காட்டுவழிப் பயணம்" என்று இருக்கிறது. அந்த வரியை நான்தான் எழுதினேன். எழுதியபோது அது அழகாக இருப்பதாகவும் நினைத்தேன். இன்று என் வண்டியில் இருந்தவர்கள் ஒன்றரை மணி நேரமும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு காட்டுக்குள் மனிதரைத் தேடியதைப் பார்த்தபோது, அவர்களை அப்படித் தேடவைத்ததே என்னைப் போன்றவர்களின் வரிகள்தான் என்று தெரிந்தது. நான் யாரையேனும் கண்டேனா என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

நடுநீரிணையில் பேருந்தும் கார்களும் ஆட்களும் ஒரே படகில் ஏறிக் கடக்கிறார்கள். அக்கரையில் விசைப்படகு, அலையாத்திக் காட்டின் ஓடைக்குள் படகு நுழையும்போது கிளைகள் தலைக்கு மேல் கூரையாகச் சேர்ந்துகொள்கின்றன, வேர்கள் சேற்றில் விரல் ஊன்றி நிற்கின்றன. இந்த ஒரு காட்சிக்காக விடியலுக்கு முன் எழலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் இறங்கிய பின் வயல் வரப்பிலும் காட்டுப் பாதையிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் சுண்ணாம்புக் குகை. என் திட்டத்தில் அந்த நடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி, ஐம்பத்து நான்கு படிகளையும் ஏறினேன். எனக்கு வயது நாற்பத்தாறு.

12 பிப்ரவரி, புதன். ஹேவ்லாக்

2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவின் பெயர் ஸ்வராஜ் தீவு என்று ஆனது. நீல், ஷஹீத் தீவு ஆனது. "நாங்கள் ஹேவ்லாக்தானே கேட்டோம், டிக்கெட்டில் வேறு எங்கோ போட்டிருக்கிறதே" என்று படகுத்துறையிலிருந்து பதறிக்கொண்டு வரும் தொலைபேசி அழைப்புகள் வாரத்துக்கு இரண்டாவது இருக்கும். வவுச்சரில் இரண்டு பெயரையும் அச்சிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். ஆறு ஆண்டுகளாகச் செய்யவில்லை.

திட்டப்படி இரண்டு மணிப் படகு. மூன்றரைக்கு இறங்கி, அறை சேர்ந்து, தேநீர் குடித்து, "மாலை 5.30, ராதாநகர்" என்று இருக்கிறது. வேண்டுமென்றே அந்த நேரத்தை மாற்றாமல் போனேன். படகுத்துறைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், தீவின் மேற்குக் கரை. 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம். நான் போய்ச் சேர்ந்தபோது உயிர்காப்பாளர்கள் ஊதல் ஊதி, குளித்துக்கொண்டிருந்த கடைசி ஆட்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. எதிர்ப்புறம், காட்டுக்கு மேலே முழு நிலா. கடிதத்தின் முதல் குறை உண்மை. பௌர்ணமி என்பதால் எனக்கு நிலவாவது கிடைத்தது.

13 பிப்ரவரி, வியாழன். ஹேவ்லாக்

பகல் முழுவதும் விடுதிகளைப் பார்த்தேன். மதுரைக்காரர்கள் கேட்கும் கேள்விகளை முன்வைத்தே பார்த்தேன்: வெந்நீர் எத்தனை மணி வரை, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் எத்தனை தூரம், இரவில் தயிர்சாதம் கிடைக்குமா, மணல் ஈ கடிக்குமா. கடிக்கும், என் கணுக்கால் சாட்சி.

நான்கு மணிக்கே ராதாநகர் போய்விட்டேன். அரிசி மாவுபோல் நொய்ந்த மணல், பின்னால் நெட்டையாக எழுந்த மரங்கள், தணிந்து வரும் அலை. 2010-ல் இந்தக் கரையை ஒட்டி முதலை ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்றது; அதனால் எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் போக வேண்டாம் என்று இனி நானே சொல்லியனுப்ப வேண்டும். ஐந்தரைக்குச் சூரியன் கடலில் இறங்கியது. நேற்றும் இன்றும் ஒரே இடம்; நடுவே ஒன்றரை மணி நேரம்தான்.

14 பிப்ரவரி, வெள்ளி. நீல்

காலைப் படகில் வந்து பதினொரு மணிக்கு, திட்டத்தில் உள்ளபடி, இறங்கியதும் நேரே பாறைப் பாலத்துக்குப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் வண்டியை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், இப்ப ஓதம் ஏறி நிக்குது. சாயங்காலம் நாலு மணிக்குப் போகலாம்." பரவாயில்லை, போங்கள் என்றேன். படி இறங்கிப் பார்த்தால், பாறைகளை மூடிக் கடல் நெஞ்சளவு நின்று கரையில் அறைந்துகொண்டிருந்தது. பாலத்துக்குப் போகும் வழியே தண்ணீருக்கு அடியில்.

நாலு மணி என்று எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அவரைக் கேட்டேன். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் முற்பகலில் கடல் ஏறி நிற்கும், பொழுது சாயும்போது வற்றும். பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப்போகும். அஷ்டமி வாக்கில் தலைகீழாகி முற்பகலில் வற்றும் என்று விரல் மடக்கிச் சொன்னார். கைபேசியில் ஓத அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது அரைமணிக்குள் சரியாக இருந்தது. பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். அவர்கள் நீல் தீவில் இறங்கியது டிசம்பர் 16, பௌர்ணமிக்கு மறுநாள், காலைப் படகு. அன்று பிற்பகலே அவர்களைப் போர்ட் பிளேயருக்குத் திரும்பும் படகில் ஏற்றியிருக்கிறோம். கடல் வற்றிய வேளையில் அவர்கள் நடுக்கடலில் இருந்திருப்பார்கள்.

நாலு மணிக்கு மீண்டும் போனேன். காலையில் அலை அடித்த இடத்தில் பாசி படிந்த பாறைத் தளம் வெகுதூரம் வெறுமையாகக் கிடந்தது. அதன் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டைகள் கருப்பு வெள்ளரிக்காய்போல் அசையாமல் படுத்திருந்தன. விரல் நீள மீன்கள் பவளக் கிளைகளுக்குள் ஓடி ஒளிந்தன. நண்டொன்று என் செருப்பைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது. வழுக்கும் தளம், கயிறு வைத்துக் கட்டும் செருப்பில்லாமல் முதியவர்கள் நடக்கக் கூடாது. இருநூறு, முந்நூறு அடி நடந்ததும், கடலின் பக்கம் ஒரு காலும் கரையின் பக்கம் ஒரு காலும் ஊன்றி, மேலே செடிகொடி முளைத்த அந்தப் பாறை வளைவு நின்றது. ஹௌரா பாலம் என்று இங்குள்ள வங்காளிகள் கேலியாகச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே போய் நின்றுகொண்டு, பதினோரு ஆண்டுகளில் எத்தனை பேரைக் காலைப் படகில் அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

15 பிப்ரவரி, சனி. போர்ட் பிளேயர்

ராஸ் தீவை அவசரமாகப் பார்த்தேன். மரவேர்கள் விழுங்கிய ஆங்கிலேயர் கட்டடங்களும், மனிதருக்கு அஞ்சாத மான்களும் நல்ல காட்சிதான். சிப்பியும் பவளத் துண்டும் பையில் எடுத்துவந்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

மாலையில் திட்டத்தைத் திருத்தினேன். ஹேவ்லாக்குக்குக் காலைப் படகு; ராதாநகர் நான்கு மணி; நீல் தீவில் ஓர் இரவு கட்டாயம்; பாலத்துக்கு நேரம் போடாமல், "ஓதம் வற்றும் வேளை, அன்றைய திதிப்படி"; பாராடாங் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும், நடையின் தூரத்தையும் எழும் நேரத்தையும் சொல்லி. பழங்குடியினர் பற்றிய வரியை அடித்துவிட்டேன். ஓர் இரவு கூடுவதால் தலைக்குச் செலவு ஏறும். பக்கத்துக் கடைக்காரர் ஐந்து இரவுக்கே கொடுப்பார், சிலர் அங்கே போவார்கள்.

பிறகு தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். நீங்கள் எழுதிய மூன்றும் சரி, தவறு என்னுடையது, நீல் தீவுப் பயணத்துக்கான தொகையைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"பாலத்தைப் பாத்தீங்களா தம்பி?"

"பார்த்தேன் ஐயா. கீழேயே போய் நின்றேன்."

"தண்ணி வத்தினா தரையில என்ன இருக்கு?"

கடல் அட்டை, நண்டு, மீன் என்று பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடையிடையே அவர் தம் மனைவிக்கு அதைத் திருப்பிச் சொல்லும் குரல் கேட்டது.